புது கேம், பழைய ஸ்பிரிங்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இத்தனை பேரும் இந்தக் கூடத்துக்கு நடந்தே வந்திருக்கிறோம். அதற்கே ஒருமுறை கை தட்டலாம். தட்டியாச்சா? சரி... அறிவுரை சொல்ல எனக்குக் கூச்சம். சொல்கிற தகுதி உண்டா என்றும் சந்தேகம். அதனால் ஒரு குட்டிக் கதையாகச் சொல்லிவிடுகிறேன். பைக் பந்தயக் கதை. சிரிக்காதீர்கள்... காரணத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அண்ணனும் தங்கையும் குடியிருக்கிறார்கள். அண்ணன் மௌலி எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன். தங்கை தமயந்தி அந்த வண்டியைப் பந்தயத்தில் ஓட்டுகிறவள். போன வருடத்தின் கடைசிப் பந்தயம். ஜெயித்தால் ஒரு பெரிய அணியில் அவளுக்கு இடம். தோற்றால்... இல்லை. இருப்பதோ ஒரே வண்டி, ஒரே எஞ்சின்.

மௌலி என்ன செய்தான்? எஞ்சினுக்குப் புது கேம்ஷாஃப்ட் போட்டான். அது என்ன என்கிறீர்களா? எஞ்சின் மூச்சு விடச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. வால்வு என்பார்கள். அவற்றைத் தள்ளித் திறக்கிற தண்டுதான் கேம். திரும்ப மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. புது கேம் கதவை நன்றாக அகலத் திறக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பலம் பிரமாதமாக வரும்.

"சார், சும்மா வந்து ஸ்டாப் வாட்ச் பிடிங்க" என்றான். போனேன். காலையில் பயிற்சி. கியர் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் மீட்டர் மேல் ஒரு சிவப்பு லைட் எரியும். பழைய கேமுக்கு, எஞ்சின் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றைத் தொட்டால் எரியும்படி வைத்தது. மௌலி அதைத் தொடவே இல்லை. தமயந்தி தடத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். வாட்சைப் பார்த்தேன்... முன்னைவிட மெதுவு!

"என்ன அம்மிணி, தேர் வர்ற மாதிரி வர்றே?"

"நானா? நீ போட்ட கேம்தான் தூங்குது. கியர் மாத்துனதும் வண்டி பொத்துனு படுத்துக்குது, அண்ணா."

அவள் சொன்னது சரி. ஒன்பதாயிரத்தில் மாற்றினால் அடுத்த கியரில் ஏழாயிரத்துக்கு இறங்கிவிடும். புது கேம் கண் விழிப்பதே ஏழரை ஆயிரத்துக்கு மேல்!

மௌலிக்கு ரோஷம். லைட்டை ஒரே தூக்காகப் பதினோராயிரத்துக்கு வைத்தான். "இப்ப முறுக்கு! பயமா இருந்தா சொல்லு, பால் வாங்கப் போற ஸ்கூட்டரை எடுத்துட்டு வாரேன்."

போனாள். நேர்ச்சாலையில் எஞ்சின் அலறுகிறது... அலறுகிறது... சட்டென்று கையைத் தளர்த்தி, உருட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துன?"

"சத்தம் ஏறுது, அண்ணா. வேகம் ஏறல."

மௌலியின் முகம் வெளுத்தது. ஏன்? கேம் புதுசு. ஸ்பிரிங்? வண்டியோடு வந்த அதே ஸ்பிரிங்! அந்த வேகத்தில் கதவைச் சமயத்துக்கு மூட அதனால் முடியவில்லை. மூடாத கதவில் பிஸ்டன் வந்து இடித்தால்... எஞ்சின் அவ்வளவுதான்.

வேறு ஸ்பிரிங் மாட்ட நேரமில்லை. மத்தியானம் பந்தயம். "பேரை வாபஸ் வாங்கிடலாமா சார்?" என்று என்னைக் கேட்டான். என்னைப் போய்! தோசையா இட்லியா என்று முடிவு செய்யவே எனக்குக் கால்மணி நேரம் ஆகும்.

தமயந்திதான் சொன்னாள்: "ஒம்போதுல தூங்குது. பதினொண்ணுல உயிரை வாங்குது. நடுவுல ஓரிடம் இருக்குமில்ல? கொஞ்சங் கொஞ்சமா ஏத்திப் பார்க்கலாம்."

ஏற்றினார்கள். நான் நேரம் பார்த்துச் சொன்னேன். பத்தாயிரம் வரைக்கும் நேரம் குறைந்தது. அதற்கு மேல் குறையவில்லை. மௌலி அதற்கும் கொஞ்சம் கீழேயே லைட்டை வைத்தான். அங்கே மாற்றினால் அடுத்த கியரிலும் கேம் விழித்திருக்கும், ஸ்பிரிங்குக்கும் உயிர் மிச்சம்.

பந்தயம். கடைசி நேர்ச்சாலை. தமயந்திக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி, தோளோடு தோள். லைட் எரிகிறது... அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு கூச்சல்.

"மாத்தாதே அம்மிணி! இழு! இன்னும் இழு!"

யார்? லைட்டை வைத்த அதே மௌலி! தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்று கத்துகிறான். அவள் கியரை மாற்றினாள். பக்கத்து வண்டி அரை வண்டி நீளம் முன்னே போய்விட்டது. போச்சு என்று நினைத்தேன். அடுத்த கியரில் கேம் பிடித்தது பாருங்கள்... கோட்டைத் தொட்ட முதல் சக்கரம் தமயந்தியுடையது!

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "என்னமோ கைய ஆட்டிக் கத்துனியே அண்ணா, என்ன?"

"அதுவா... லைட்டைப் பார்த்து மாத்துன்னு சொன்னேன்."

"நெசமாவா சார்?"

நான் வாட்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். நமக்கும் புதுசாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள். முட்டி. ஆனால் இதயம்? இடுப்பு? மூச்சு? எல்லாம் வண்டியோடு வந்தது! புது முட்டி எவ்வளவு தாங்கும் என்று கேட்காதீர்கள். மற்றதெல்லாம் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்.

அதற்காக இன்னும் நாற்காலியை விடாமல் பிடித்திருக்கிறவர்களே... உங்களையும்தான் சொல்கிறேன். நீங்கள் பழைய அளவிலேயே கியர் மாற்றுகிறீர்கள். புது முட்டி தூங்குகிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள்.

அளவை மனம் நிதானமாக இருக்கும்போது வையுங்கள். வைத்த பிறகு... கல்யாண வீட்டில் "ஆடுங்க பெரியப்பா" என்று கத்துவார்கள். யார் கத்துவார்கள்? எதிரியா? நம்மைக் கைபிடித்து நடக்கப் பழக்கினவர்களேதான் கத்துவார்கள்! பாசத்தில் கத்துகிறார்கள். பாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள்... யோசனையை வாங்காதீர்கள்.

முன்வரிசையில் இருக்கிற வேலுமயில் ஐயா... இந்த வருடம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறப்போவதாகச் சொன்னீர்களாம். டாக்டர் சரி என்றால் முதல் மலையில் ஏறுங்கள். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏறுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால்... அங்கேயே உட்காருங்கள். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிடுங்கள். மெதுவாக இறங்கி வந்துவிடுங்கள். சொந்தக் காலில் இறங்கி வந்தவருக்குத்தான் ஐயா, அடுத்த வருடம் இரண்டாவது மலை.