கறுப்புத் தாளில் சுற்றிய குப்பி

ராத்திரி பதினொன்றே கால் இருக்கும். காரியாபட்டிக்கு முன்னால் ஒரு உள்ரோடு. இரண்டு பக்கமும் கருவேலங்காடு... கண்ணுக்கு எட்டின வரை வீடு கிடையாது. அங்கேதான் காசிராஜன் பைக்கை நிறுத்தினான். நம்ம தெருக்காரன்தான். ஆஸ்பத்திரிகளில் ரத்த சாம்பிள் வாங்கி மதுரை லேபுக்குக் கொண்டுபோகிற வேலை.

அன்றைக்கு அவன் பெட்டியில் இருந்தது ரத்தமில்லை. அருப்புக்கோட்டையில் குருவம்மாள் என்று ஒருத்தி, முந்தின ராத்திரி இடி விழுந்த மாதிரி தலைவலி வந்து சுருண்டவள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்திருந்தார்கள்.

"மஞ்சளா இருந்தா மூளையச் சுத்தி ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். வெளிச்சம் பட்டா மஞ்சள் வெளுத்துரும், தம்பி. நடுவுல தொறந்துராதீக." நர்ஸ் கறுப்புத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டிருந்தது. குப்பி உடைந்திருக்குமோ... பெட்டியைத் திறந்தான். தாளை விலக்கி, செல்போன் லைட்டை அடித்தான்.

"லைட்ட அமத்துங்கண்ணே... கண்ணு கூசுது."

காதோரத்தில். பெண் குரல்.

அமத்திவிட்டான். திரும்பினான்... யாருமில்லை. ஸ்பிரிட் வாடை மட்டும்.

குப்பியைச் சுற்றி வைத்து வண்டியை எடுத்தான். பின் சக்கரம் அழுந்தியது. எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் அவன் முதுகில் ஒரு முகம் பதிந்தது. நெற்றி... மூக்கு... சூடான மூச்சு. லாரி போனதும் விலகும். மதுரை வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

லேபில் குப்பியை மெஷினில் வைத்துச் சுழற்றினார்கள். சிவப்பு அடியில் தங்கியது. மேலே நின்ற நீர் மஞ்சள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். விடிவதற்குள் குருவம்மாளை மதுரைக்குக் கொண்டுவந்து, மண்டையைத் திறந்து ஆபரேஷன்.

உயிர் தங்கியது. வலது பக்கக் கை கால் விழுந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் அவள் புருஷன் பால்சாமி, நன்றி சொல்ல வேண்டுமென்று காசிராஜனை வார்டுக்குக் கூப்பிட்டார்.

"குருவு, இவருதான் ஒனக்கு எடுத்த தண்ணிய லேபுக்குக் கொண்டுபோனவரு."

அவள் இவனை அதற்குமுன் பார்த்ததே இல்லை. மொட்டைத் தலையில் கட்டு. கண்ணை மட்டும் திருப்பினாள்.

"தெரியும். இவுக முதுகுலதான மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தேன்."

அவளே மேலும் கேட்டாள்.

"எனக்குப் பின்னால ஒருத்தி ஒக்காந்து வந்தாளே... அவ எங்க எறங்குனா, அண்ணே?"