இருபதாயிரம் கட்டினால் இன்டர்ன்ஷிப்

பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கழுத்தில் பனியன் கம்பெனி அட்டை தொங்கியது.

"வேலைக்குச் சேர்றதுக்கு நாமளே அவங்களுக்குச் சம்பளம் குடுக்கணுமா கண்ணு?" என்று அம்மா கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது.

"வேலை இல்லீங்கம்மா, இன்டர்ன்ஷிப். ரெண்டு மாசம் பைனான்ஸ் வேலை பழகறது. இருபதாயிரம் கட்டுனா சர்டிபிகேட் தருவாங்க."

"தையலே தெரியாம நான் டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்குப் போனப்பக்கூட சனிக்கிழமையானா கூலி குடுத்தாங்களே."

"அது பனியன் கம்பெனிங்கம்மா. இது படிச்சவங்க வேலை."



"போன வருசம் உன்ற சீனியர் பொண்ணு கட்டுனாளே, வேலை கெடச்சுதா?"

"கெடச்சுதுங்க."

"எங்க?"

"அதே கம்பெனிலதான். காசு கட்டி இன்டர்ன்ஷிப் சேர்றதுக்குப் பொண்ணுகளப் புடிச்சுக் குடுக்கற வேலை. எனக்குப் போன் பண்ணுனதே அவதானுங்க."

"அது தெரிஞ்சுமா கட்டணுங்கற?"

"கட்டாட்டி அந்த வேலைகூடக் கெடைக்காதுங்கம்மா."

கம்பெனி நிறுத்தம் வந்ததும் அம்மா எழுந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்குக் கட்டிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.