மிதிச்சுப் பிடிங்க மாப்ள

இல்ல மாப்ள, இன்னும் வரல. காலை எடுத்துடாதீங்க. நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும் கிளட்சைத் தரையோட மிதிச்சுப் பிடிங்க. நடுவுல எடுத்தீங்கன்னா வெளிய போன காத்து திரும்ப உள்ள ஏறிக்கும், அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ம், இப்ப விடுங்க. திரும்ப மிதிங்க.

என்ன அவசரம்? அவ உள்ள துணி மடிச்சிட்டிருக்கா. நீங்கதான காலங்காத்தால வாசல்ல நின்னு கத்தினீங்க, வண்டியும் என்னுது, பொண்டாட்டியும் என்னுது, ரெண்டையும் கூட்டிட்டுத்தான் போவேன்னு? தெரு முழுக்கக் கேட்டுது. நான் மறுத்தேனா? வண்டியைச் சரி பண்ணித் தர்றேன், அதுலயே ஏத்திட்டுப் போங்கன்னுதான சொன்னேன்? அதுக்குத்தான் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவன், பச்சத் தண்ணி பல்லுல படாம, என் பொண்ணு ஓட்டி வந்த வண்டிக்கு அடியில மல்லாந்து கெடக்கேன். பிடிங்க.

மெக்கானிக் எதுக்கு? பதினெட்டு வருஷமா கிடங்குல பாரம் தூக்குற வண்டிங்களோட ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன், எண்ணெய் ஓடுற வேலை எனக்குத் தெரியும். நீங்க மிதிச்சா அங்க ஒரு பம்பு எண்ணெயைக் குழாய்க்குள்ள தள்ளுது. இங்க என் மூக்குக்கு மேல இருக்கிற இன்னொண்ணு அதை வாங்கிக் கிளட்சைப் பிரிக்குது. நடுவுல காத்து புகுந்துட்டா மிதி தொபுக்குன்னு தரையில உக்காந்துரும். அவ்ளோதான் சங்கதி. விடுங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கிளட்சுக்கு எண்ணெய் ஊத்துற டப்பாவுல எஞ்சின் ஆயிலை ஊத்தினது யாரு? அவளா? கூசாம சொல்றீங்களே! பிரேக் ஆயில்தான் ஊத்தணும்னு மூடியிலயே எழுதியிருக்கு. ஷெட்டுக்கு அவ போனா அங்க நாலு ஆம்பளைங்க பாப்பாங்கன்னு, நீங்களே கேனைத் தூக்கிட்டு வந்து ஊத்தினீங்களாம். அந்த ஆயில் பட்டா உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் தவளை மாதிரி ஊதிப்போகும். தினமும் மீட்டரைப் பாத்து, இன்னிக்கு ஏன் ரெண்டு கிலோமீட்டர் ஜாஸ்தின்னு குடையத் தெரியுது, ஒரு மூடியைப் படிக்கத் தெரியலயா? மிதிங்க. நல்லா மிதிங்க, உங்களுக்கென்ன புதுசா?

அட, இறங்காதீங்க! காலு, காலு! அங்கயே இருக்கட்டும். பயப்படாதீங்க, கை பிரேக் போட்டு, நாலு சக்கரத்துக்கும் கல்லு வெச்சிருக்கேன். பின்ன, உங்களை நம்பியா அடியில படுப்பேன்?

நேத்து அவ எப்படி வந்தா தெரியுமா? பாதி வழியில கிளட்ச் போயிருச்சு. இருபது கிலோமீட்டர் ஒரே கியர்ல. சிக்னல்ல நின்னா எஞ்சின் செத்துப்போகும். கியர்லயே சாவியைத் திருகினா வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி எகிறிக் கிளம்பும். பின்னாடி இருக்கிறவன்லாம் ஹாரன் அடிச்சு வையறான். கால்ல செருப்பு கிடையாது. கியர் பிடிக்கிற கையில மணிக்கட்டு வீங்கி, பதிஞ்ச அஞ்சு விரலையும் எண்ணிக்கலாம்.

கதவுல இடிச்சுக்கிட்டாளா? எங்க வீட்டுக் கதவுக்கெல்லாம் விரல் கிடையாது மாப்ள. உங்க வீட்டுக் கதவுக்கு இருக்கோ என்னமோ.

சரி, விடுங்க. மிதிங்க. இன்னும் ஒரு பத்துத் தடவை.

என்னது? உள்ள சத்தமே காணோமா? சும்மா கூப்பிடாதீங்க, தொண்டைதான் வறளும். உங்களை சீட்ல உக்கார வெச்சு முதத் தடவை மிதிங்கன்னு சொன்னேன்ல, அப்பவே அவளும் அவ அம்மாவும் பின்கதவு வழியாப் போயிட்டாங்க. ஒம்பதே கால் ரயிலு. இப்ப மணி பத்தாகுது. காலை எடுத்துக்கங்க, ஊதிப்போன அந்த ரப்பரை வெச்சுக்கிட்டு நீங்க சாயங்காலம் வரைக்கும் மிதிச்சாலும் கிளட்ச் வராது.

எந்த ஊருக்கா? தெரியாது. சத்தியமாத் தெரியாது. என்கிட்ட சொல்லாதேன்னு நானேதான் அவகிட்ட சொன்னேன். மூணு மாசம் முன்னாடி இதே மாதிரி ஓடி வந்தவளை, அனுசரிச்சுப் போம்மான்னு சொல்லி, உங்க வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டு, உங்ககிட்ட காப்பியும் வாங்கிக் குடிச்சிட்டு வந்தவன் நான்.