பிறைவீட்டுக் கதவு

அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர். சாயங்காலக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்றபடி உங்கள் சித்தூர் ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் பெயர் கங்கம்மா. சத்தியவேட்டுக்கு மேற்கே, மலைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். அதை ஆள்பவள் எங்கள் தெய்வம் நிலாத்தாய். அவள் சொல்வதை ஊருக்குச் சொல்லும் வாய் நான். எனக்கு முன்னால் என் அம்மா, அவளுக்கு முன்னால் அவள் அம்மா. நிலமும் மகளுக்கு, சட்டமும் மகளுக்கு. ஆண்கள் உழுவார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள். நிம்மதியாக இருந்தோம். நீங்கள்தான் ஆந்திரா என்று தனியாகப் பிரித்துக்கொண்டு, எல்லைக்கல் நட ஒரு கூட்டத்தை அனுப்பினீர்கள். மெட்ராஸ் பக்கமா, ஆந்திரா பக்கமா என்று கேட்டார்கள். கேட்க நீங்கள் யார் என்றேன்.

என் ஒரே மகள் அம்சவேணி, எனக்குப் பின் ஆள வேண்டியவள், அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள். ஊர் முன்னால் சொன்னாள்: "எந்த சர்க்காரு வந்தா இன்னாம்மா? ஸ்கூலு வரும், ஆஸ்பத்திரி வரும். எத்தினி நாளிக்கு உன் பேச்சயே கேட்டுகினு கெடக்கறது?"

சில பெண்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைக்கவில்லை.

இதற்கு எங்களிடம் வழி உண்டு. தாயும் மகளும் முரண்பட்டால், அமாவாசையன்று மகள் பிறைவீட்டுக்குள் போவாள். ஜன்னலில்லாத கல் அறை. சோறு, தண்ணீர் கிடையாது. தாய் தன் கண்ணால் பிறையைப் பார்த்துச் சொன்னதும் கதவு திறக்கும். வேறு யார் பார்த்தாலும் செல்லாது. சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். என் அம்மா இளகின மனசுக்காரி. பிறை தெரிந்த உடனேயே பார்த்துவிட்டாள்.

அம்சவேணி சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். "சீக்கிரம் பாத்துடும்மா, எனக்குத் தாகம் தாங்காது" என்றாள். தாழ்ப்பாளை நானே போட்டேன்.

பிறை வந்ததாம். என் தங்கை சென்னம்மா ஓடிவந்தாள். "அக்கா, ஒரு தபா தலயத் தூக்கிப் பாரு. மல மேல நின்னுகினு கீது."

எனக்குக் கழுத்து வலி. தரையைப் பார்த்தே நடந்தேன். இருட்டும் முன்பே வீட்டுக்குள் போய்விடுவேன். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டது கேட்டது. முதலில் கோபமாக, அப்புறம் கெஞ்சலாக. அவள் அப்பா கன்னையா கதவடியில் விழுந்து கிடந்தார். தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டும். தொடவில்லை. ஏன் யாரும் திறக்கவில்லை என்கிறீர்களே, அதுதான் பக்தி. உங்கள் சர்க்காருக்கு அப்படி ஒரு ஆள் கிடைப்பானா?

சத்தம் நின்ற பிறகு வாசலில் வந்து அண்ணாந்து பார்த்தேன். நிலா நன்றாக வளர்ந்திருந்தது. பார்த்துவிட்டேன், திறங்கள் என்றேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சட்டத்தில் நான் ஒரு எழுத்தும் மீறவில்லை. பொய்யும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றேன், பார்க்கவில்லை. நிலாத்தாய் என் பக்கம்தான் இருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு பயமும் இல்லை.

கான்ஸ்டபிளை ஏன் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறீர்கள்? வெளியே நிலா வந்திருந்தால் வந்திருக்கட்டும். காற்று ஒத்துக்கொள்ளாது என்றேனே. சாத்தச் சொல்லுங்கள்.