மேடு ஏறிய வண்டி

“எம்பொண்டாட்டி செத்துப்போனதுலருந்து இந்த வண்டி மேடு ஏற மாட்டேங்குதுங்க.”

தர்மபுரியில் ஒரு பேட்டரி சார்ஜ் கடையில், என் மைக்செட் பேட்டரிக்காகக் காத்திருந்தேன். அப்படிச் சொன்னவருக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. யாரோ ஒரு மெக்கானிக் பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்திக் கொடுத்த வண்டி அவருடையது.

“பேட்டரிக் கம்பிய மாத்திட்டேன். டிஸ்டில் வாட்டரும் ஊத்திப் பாத்துட்டேன்.”

கடைக்காரர் பேட்டரி மூடிகளைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார்.

“ஆசிட்ல சத்தே இல்லீங்க. உள்ள இருக்கற ஈயத் தட்டெல்லாம் உதிர்ந்து அடியில சேறாட்டம் கெடக்குது. இது கெட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆயிருக்கும்.”

“அதெப்படிங்க? போன மாசங்கூட ரெண்டு பேரும் இண்டூருக்குப் போனமே. மேடு ஏறுச்சே.”

“சமதரையில ஓடியிருக்கும். மேட்டுல ஒருத்தரக்கூட இழுக்காதுங்க.”

“மேடு வந்தா அவ எறங்கிக்குவா. பாரம் கொறையட்டும்னு கேரியரைப் புடிச்சிக்கிட்டே பின்னால நடந்து வருவா. திரும்பினா வண்டி சாஞ்சிரும், நேரா பாத்து ஓட்டுன்னு சொல்லுவா.”

கடைக்காரர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினார்.

“புடிச்சிக்கிட்டு வர்றேன்னுதாங்க சொன்னா” என்றார் வண்டிக்காரர். பேட்டரி மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

“மேல வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கும். சும்மா நடக்கறதுக்கே இப்பிடியான்னு கேலி பண்ணுவேன்.”