தம்பி காரின் நாசில்கள்

நார்த்தாமலைக் கல்லுடைப்பு வேலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்கு நடந்துகொண்டிருந்தேன். கால் வலித்ததால் வழியில் வந்த பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் காக்கிச்சட்டை போட்ட டாக்சிக்காரர் ஒருவரும், கையில் கிரீஸ் கறையோடு ஒரு மெக்கானிக்கும் இருந்தார்கள்.

"செத்தவன் கார் நாசிலைக் கழட்டி என் கார்ல போட்டு ஓட்டச் சொல்றீங்களா?" என்றார் டாக்சிக்காரர்.

"செத்தது ஒங்க தம்பிங்க. டீசல் பீச்சுற நாசில் சாகலையே. ஒங்க கார் எஞ்சினைப் பிரிச்சுப் புதுசாக் கட்டியாச்சு. இனி நாலு நாசிலும் ஒரே மாதிரி பீச்சணும். ஒங்க பழசை மாட்டுனா பிஸ்டனைப் பொசுக்கிரும்."

"மெட்ராஸ்லேர்ந்து புதுசு வரட்டும்."

"வர ரெண்டு மாசமாகும். அதுவரைக்கும் ஒங்க வீட்டையும் தம்பி பொண்டாட்டி புள்ளைகளையும் யாரு பாக்குறது?"

டாக்சிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருக்கோகர்ணம் வந்தபோது மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"போடுங்க. ஆனா எம்முன்னாடி கழட்டாதீங்க. ஒங்க ஷெட்டு ஆளுகளும் வேணாம், எல்லாம் அவன்கூடத் திரிஞ்சவனுக. வெளியாள் எவனாச்சும் கழட்டட்டும்."

"வெளியாளுக்கு நான் எங்கிட்டுங்க போவேன்?"

மறுநாள் காலை, தம்பியைப் பறிகொடுத்த டாக்சிக்காரரின் கார் நிற்கும் ஷெட் எது என்று விசாரித்துப் போய் வேலை கேட்டேன். எந்த ஊர் என்று மட்டும் கேட்ட மெக்கானிக், ஸ்பானரைக் கையில் கொடுத்து, வலது பக்கம் நசுங்கிக் கிடந்த காரைக் காட்டினார்.