தலைமாட்டுப் பலகை

போடியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தச்சர், மற்றவர் அவர் மனைவியின் அண்ணன் என்பது பேச்சிலேயே தெரிந்தது. தேனி நெருங்கும்போது அண்ணன்காரர் குரல் உயர்ந்தது.

"எங்கப்பா சீராக் குடுத்த கட்டில அறுத்துட்டீகளாமே, மாப்ள?"

"முழுசா அறுக்கல மச்சான். தலைமாட்டுப் பலகை மட்டுந்தேன்."

"எதுக்கு?"

"எஸ்டேட்டுத் தொரை தன்னோட கிட்டார் வாத்தியத்தக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்துல சாத்தி வச்சிருக்காக. சூட்டுல அதோட முதுகுப் பலகை வெடிச்சுப்போச்சு. அதுல இரும்புத் தந்தி, இழுவை சாஸ்தி. பச்சை மரத்தப் போட்டா முறுக்கிக்கிரும். நல்லாக் காஞ்ச தோதகத்தி மரத்துக்கு நான் எங்கன போவேன்? அந்தக் கட்டில்தேன் கெடச்சுச்சு."

"என் தங்கச்சி சும்மாவா இருந்தா?"

"அவதேன் விரல மடக்கித் தட்டிப் பாத்தா. கால்மாடு மொத்துன்னு கேக்குது, தலைமாடு கணீர்னு இருக்கு, அந்தப் பலகைய எடுங்கன்னா."

அண்ணன்காரர் முகத்தை சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தச்சர் விடவில்லை.

"வேலை முடிஞ்சதும் தொரை எங்க ரெண்டு பேரையும் உக்காரவச்சு வாசிச்சுக் காட்டுனாக, மச்சான். பங்களாவுக்கு விருந்துக்கு வந்திருந்தவுக எல்லாம் கைதட்டுனாக. இவ எந்திரிச்சு நின்னு, 'எங்கப்பா குடுத்த மரம்'னு சொல்லிட்டா."

தேனி வந்தது. பாதிப் பேர் இறங்கினார்கள். வண்டி மறுபடி கிளம்பியதும் அண்ணன்காரர் தச்சர் பக்கம் திரும்பினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"எங்க வீட்டுக் கட்டிலும் அதே மரந்தேன். ஒருநா வந்து தட்டிப் பாருங்க, மாப்ள."